ஐயம்பேட்டையில் சுகர் மாத்திரை: ஊரடங்குக்கு முன்னும் பின்னும்

2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 'ஸ்டெப்ஸ்' சுகாதாரக் கணக்கெடுப்பு, மாநிலத்தில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தமும் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதாகச் சொன்னது. அதில் யாருக்கும் பெரிய வியப்பில்லை. தூக்கிவாரிப் போட்ட எண் வேறு. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கு. மற்றவர்களில் பாதிப் பேருக்காவது நோய் இருப்பதே தெரியாது என்று வைத்துக்கொண்டாலும், தெரிந்து மாத்திரை வாங்கியவர்களுக்கும் அது சரிவர வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்படியோர் எண் இரண்டு மூன்று மாத ஊரடங்கில் உண்டாவதில்லை. பல வருஷம் சேர்ந்து வந்தது அது. ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்பட்ட நோய் சிகிச்சையைக் கொரோனா வந்து நிறுத்திவிட்டது என்ற கதையை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. மருந்து ஒரு கட்டடத்தோடு கட்டப்பட்டிருந்தது. நோயாளி அன்றாடக் கூலியோடு கட்டப்பட்டிருந்தார். தொற்று வந்தபோது இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் அறுந்தன. பிறகு அரசு ஒரு கயிற்றை நன்றாகவே முடிந்தது. இன்னொன்றை யாரும் கையில் எடுக்கவில்லை. இதைப் பார்க்க நெசவாளர் ஊர் ஒன்று போதும்.

ஐயம்பேட்டை என்றால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அவர்கள் பக்கத்து ஊர்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கிற ஊர். காஞ்சிப் பட்டு என்று கடையில் விற்கிற சேலையில் ஒரு பங்கு இப்படிப்பட்ட சுற்றுவட்டாரப் பேட்டைகளில்தான் நெய்யப்படுகிறது. வீட்டுக்கு முன்கூடத்திலேயே தறி. தறிக்குக் கீழே குழி. நெசவாளர் தரைமட்டத்தில் பலகையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதிப்பார். கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோக்கிற கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். கரை நாடாவை அவர் வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாக இருக்கும், இல்லையென்றால் பெற்ற பிள்ளையாக இருக்கும்.

இந்த உட்காரும் முறைக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காலை ஏழு, எட்டு மணிக்குக் குழியில் காலை விட்டால் சாப்பாட்டு நேரம் போக மாலை வரை அதே இருப்பு. கை வேகமாக ஓடுகிறது, கால் மிதிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கடும் உடலுழைப்பு. ஆனால் நடை கிடையாது. இடுப்பும் முழங்காலும் மடங்கியபடி இருக்கின்றன. உழைக்கிற உடம்புக்குச் சுகர் வராது என்று நெசவாளர்களே நம்பினார்கள். வந்த பிறகும் 'பரம்பரையாக வந்தது' என்று அதை விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை பல வருஷம் கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்தின் உணர்வு குறையும். குழிக்குள் இருக்கிற பாதத்தை நாள் முழுக்க யாரும் பார்ப்பதில்லை, அதன் சொந்தக்காரர் உட்பட. மிதிக்கட்டையின் ஓரம் தேய்த்துத் தேய்த்துச் சிராய்ப்பு விழுந்தால், உணர்வுள்ள கால் உடனே சொல்லிவிடும். உணர்வு போன கால் சொல்லாது. சாக்ஸ் ஈரமானதைக் கண்டு காயத்தைக் கண்டுபிடிக்கிற நகரத்து நோயாளிக்குக் கிடைக்கிற வாய்ப்பும் இவருக்குக் கிடையாது, ஏனென்றால் மிதிப்பது வெறுங்காலால்.

கண்ணும் அப்படித்தான். அறுந்த பட்டிழையைத் தேடிப் பிடித்து முடிவதற்கும், ஜரிகை நெளியாமல் பார்ப்பதற்கும் கண் வேண்டும். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்படுகிறபோது ஆரம்பத்தில் வலி கிடையாது. பார்வை மங்கினால் 'வயசாச்சு, கண்ணாடி மாத்தணும்' என்று போய்விடும். மற்றவர்களுக்குப் பார்வை குறைந்தால் சிரமம். நெசவாளருக்கு அது கூலிக் குறைவு. சேலையில் குற்றம் விழுந்தால் பிடித்தம்.

கூலி நாளுக்கோ மாதத்துக்கோ அல்ல, சேலைக்கு. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை பத்து நாளிலும் முடியும், மாதமும் பிடிக்கும். முடித்துக் கொடுத்தால் காசு. கூட்டுறவுச் சங்கத்துத் தறியானாலும் சரி, முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கி நெய்தாலும் சரி, இதில் மாற்றமில்லை. மாதம் ஒரு முறை சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கொடுத்து, நோட்டில் எழுதி வாங்கி, மாத்திரை எடுத்து வீடு திரும்பினால் அரை நாள் தறி நின்றுவிடும். கோர்வைத் தறி என்றால் நிற்பது இரண்டு பேர் வேலை. மாத்திரை இலவசம் என்பது உண்மைதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளில் மருந்து கிடைப்பது பெரிய மாநிலங்களில் முன்மாதிரி என்று சொல்லத்தக்க அளவில் இருக்கிறது. அந்த இலவச மாத்திரையின் விலை அரை நாள் கூலி. இதை மருத்துவக் கணக்கு எதுவும் எழுதிக்கொள்வதில்லை.

அரசுக்கு இந்த நோய்கள் புதிதல்ல. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2007-ல் விருதுநகர் மாவட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கு முன்னோட்டம் பார்த்தது. தஞ்சாவூர், தேனியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. 2012-ல் இது மாநிலம் முழுவதுக்கும் விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்க்கென்று தனியாகச் செவிலியர் வந்தார். ஆக 2020-க்குள் எட்டு வருஷ அனுபவம் இருந்தது. அதற்குப் பிறகும் 7.3.

2019 கூட்டம், 2020 வெறிச்சோடல்

2019 ஜூலை, ஆகஸ்டில் அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள் எழுந்தருளியபோது காஞ்சிபுரத்துக்கு வந்தவர்கள் ஒரு கோடி என்றார்கள். அந்த வருஷம் நவம்பரில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஐயம்பேட்டை காஞ்சிபுரத்தோடு நின்றது. அதுவரை மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியாக இருந்த செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுத்த மாவட்டத்துக்குப் போனது. நிர்வாகக் கோடு நோயாளிக்கு ஒரு பொருட்டல்ல என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். நாலு மாதம் கழித்து ஊரடங்கில் அது பொருட்டானது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். அவசர மருத்துவத்துக்கு அனுமதி உண்டு என்பது விதி. ஆனால் சுகர் மாத்திரை தீர்ந்துபோனது அவசரமா? கால் புண்ணுக்கு மறுகட்டு அவசரமா? விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இருந்ததாகத் தெரியவில்லை; செல்போனில் விண்ணப்பம் போடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்கவும் வேண்டும். 2020 செப்டம்பர் முதல் தேதியில்தான் மாநிலத்துக்குள் இ-பாஸ் ஒழிந்தது. கோயில்கள் திறந்ததும் அன்றைக்குத்தான்.

கோயில் அடைத்தது ஊருக்கு வெறும் பக்திச் சங்கதி அல்ல. காஞ்சிபுரத்துக்குச் சாமி பார்க்க வருகிறவர்கள் பட்டு எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள். பங்குனி முடிந்து சித்திரை, வைகாசி முகூர்த்தம்தான் பட்டுக்கு அறுவடைக் காலம். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு போட்டார்கள். ஐம்பது பேர் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுப்பார்கள். சம்பந்தி வீட்டுக்கும் அத்தைமார்களுக்கும் எடுக்க மாட்டார்கள். கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் வருவது நின்றது. நெய்து வைத்த சேலை தேங்கியது, அடுத்த பாவு வரவில்லை. போதாக்குறைக்கு, அந்த ஜூலையில் மத்திய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்துவிட்டது. இருந்தவரை அது என்ன செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. கலைப்பதற்கு அந்த மாதம்தானா கிடைத்தது என்று கேட்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

வருமானம் நின்ற வீட்டில் முதலில் குறைவது எது? தனியார் மருந்துக் கடையில் வாங்குகிற மாத்திரை. அடியோடு நிறுத்த மாட்டார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்பதைக் காலையோடு முடித்துக்கொள்வார்கள். ஒரு அட்டை இரண்டு மடங்கு நாள் வரும். ரத்த அழுத்த மாத்திரையைத் தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும் போடுவது இன்னொரு வழக்கம். வீட்டில் இரண்டு பேருக்குச் சுகர் என்றால் அட்டை பொது. சிறப்பு மருத்துவர் எழுதிய மாத்திரையும் சுகாதார நிலையத்து மாத்திரையும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருந்து, இரண்டையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுந்த கதையும் எல்லா ஊரிலும் உண்டு.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையில்லாமல் கொடுத்தார்கள். பசி தீர்த்த உதவி அது. குறை சொல்வது நன்றிகெட்டத்தனம். ஆனாலும் காய்கறி வாங்கக் காசில்லாமல், மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் சர்க்கரை போட்ட டீயுமாக, தறியும் ஓடாமல் உட்கார்ந்திருந்த உடம்பில் அந்த மாதங்களில் சர்க்கரை என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

எங்கெங்கும் நின்ற சிகிச்சை

உலகம் முழுக்க நடந்ததும் இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் 155 நாடுகளில் விசாரித்து ஜூன் முதல் தேதி வெளியிட்ட கணக்கில், பாதிக்கு மேற்பட்ட நாடுகளில், அதாவது 53 சதவீத நாடுகளில், ரத்த அழுத்தச் சிகிச்சை பகுதியாகவோ முழுதாகவோ தடைபட்டிருந்தது. சர்க்கரைக்கு 49 சதவீதம், புற்றுநோய்க்கு 42. தொற்றா நோய்ப் பிரிவில் இருந்த ஊழியர்களைக் கொரோனா வேலைக்கு மாற்றியதாகக் கிட்டத்தட்ட எல்லா நாடுகளுமே ஒப்புக்கொண்டன. நம் ஊரிலும் சுகர் நோட்டு எழுதிய செவிலியர்தான் பிறகு சளி மாதிரி எடுத்தார், காய்ச்சல் முகாமில் உட்கார்ந்தார், தடுப்பூசி போட்டார்.

இந்தியாவின் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களை வைத்துச் செய்த ஆய்வு, 2020 மார்ச் முதல் மே வரை புதிய நோயாளிப் பதிவு முந்தைய வருஷத்தைவிட 54 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சேதி எங்கோ நடந்ததல்ல. அண்ணா 1969 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார். அந்த வருஷமே அவர் பெயரில் காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. வட மாவட்டங்களிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறவர்களின் ஆஸ்பத்திரி அது. பஸ் ஓடாத மாதங்களில் அப்படி வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? பதிவு குறைந்தது என்றால் புற்று குறைந்தது என்று பொருளல்ல. கட்டி வீட்டிலேயே வளர்ந்தது என்று பொருள். டயாலிசிஸ் இன்னும் கொடுமை. 19 இந்திய மருத்துவமனைகளில் பார்த்ததில் நாலில் ஒருவருக்கு மேல் ஊரடங்கில் ஒரு முறையாவது டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார்கள். அதைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் மூச்சு முட்டும்.

காசநோய் தொற்றுநோய்தான், ஆனாலும் ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டியதால் நாட்பட்ட நோய்களின் குணம் அதற்கும் உண்டு. 2019-ல் நாடு முழுக்கச் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2020-ல் 18 லட்சம். விடுபட்ட ஆறு லட்சத்தில் நெசவுத் தெருக்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

இதற்கிடையே மாலை ஐந்து, ஆறு மணிக்கு வந்த அரசு அறிக்கை. வயது, ஆணா பெண்ணா, எந்த மருத்துவமனை, என்ன இணை நோய் என்று ஒவ்வொரு இறப்பையும் வரிசை எண்ணோடு வெளியிட்ட மாநிலங்கள் குறைவு, தமிழ்நாடு வெளியிட்டது. ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம். தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளை வைத்து 2020 செப்டம்பர் கடைசியில் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையின்படி, இறந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இணை நோய் இருந்தது. 45 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. ஆனால் அதே பட்டியலைத் தொலைக்காட்சியில் பார்த்த ஐம்பது வயது நெசவாளருக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது: சுகர் இருக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டான். எந்த நோய்க்காக அவர் கட்டாயம் போக வேண்டுமோ அதே நோய் அவரைப் போகவிடாமல் தடுத்தது. கூடவே ஒரு சமாதானமும் ஊரில் பரவியது: 'அவருக்கு இணை நோய் இருந்ததாம்.' இறந்தவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் நிம்மதியாவதற்கு அந்தச் சொல் உதவியது. மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் உள்ள மாநிலத்தில் இணை நோய் என்பது சாதாரண ஆளின் இலக்கணம்.

2021 மே இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை வந்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும், அளவும் நாளும் பார்க்காமல் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்தால் அந்தப் பூஞ்சைக்கு வாசல் திறந்த மாதிரி. ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைக்கும் என்று இங்கிலாந்தின் 'ரிகவரி' ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஆனால் அது சர்க்கரையை எகிற வைக்கும். தினம் சர்க்கரை பார்த்து இன்சுலின் சரிசெய்கிற இடத்தில் அது மருந்து. வாட்ஸ்அப்பில் வந்த சீட்டை வைத்துக்கொண்டு கடையில் வாங்கிச் சாப்பிட்ட வீடுகளில் வேறு. கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்களில் பலருக்குத் தங்களுக்குச் சுகர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

மருந்து வீடு தேடி வந்த கதை

நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2020-ல் உலகம் புதிதாக விடை தேடியது போலப் பேசுகிறோம். விடையைச் சென்னை 1959-லேயே சொல்லிவிட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை நெரிசலான அவர்கள் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் கிடைத்தவர்களுக்கும், வீட்டில் கஞ்சி குடித்து வேலைக்குப் போனவர்களுக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்த வீட்டுச் சிகிச்சை தானாக வெற்றி பெறவில்லை. மாத்திரையை எண்ணிப் பார்க்கவும், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வரவும் ஆட்கள் இருந்தார்கள். இதை மறந்துவிடக் கூடாது, பிறகு தேவைப்படும்.

எச்.ஐ.வி. திட்டத்துக்கும் இந்தப் பாடம் தெரியும். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவரை மாதாமாதம் வரிசையில் நிறுத்தினால் பாதியில் விட்டுவிடுவார் என்பதால், நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே முன்பே உண்டு. ஊரடங்கில் சுகர், பிரஷர்காரர்களுக்கும் அதையே செய்தார்கள். இலங்கையில் ஊரடங்குச் சட்டம் இருந்தபோது அரச மருத்துவமனைக் கிளினிக் நோயாளிகளுக்குத் தபால்காரர் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அதே நாட்டில் 2022 பொருளாதார நெருக்கடியில் கொண்டுபோகத் தபால்காரர் இருந்தும் மருந்துதான் இல்லை.

தொலைபேசி மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறியை மத்திய அரசு ஊரடங்கு தொடங்கிய அன்றே வெளியிட்டது. ஏப்ரலில் 'இ-சஞ்சீவனி' புறநோயாளிச் சேவை வந்தது. முதல் சில மாதங்களில் அதை மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. இருந்தும் குழித்தறிக்காரரின் பாதத்தை வீடியோவில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த எல்லா நூலையும் சேர்த்து முறுக்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு இரண்டு மாத மாத்திரை கொடுப்பார். படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் நோய் தணிப்புச் செவிலியரும் வருவார்கள். 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளியைக் கொண்டாடினார்கள். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொற்றா நோய் விருது கிடைத்தது.

இந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நெசவாளர் தெருவுக்கு ஒரு முறை வர வேண்டும். கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போகிறவர் காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்க மாட்டார்; தன்னார்வலர் வந்தால் வீட்டில் கிழவிதான் இருப்பார். நெசவாளர் வீட்டில் தறியே வீடு. குழியிலிருந்து எழாமலே கையை நீட்டலாம்.

"பெரிப்பா, கையைக் குடுங்க. பிரஷர் பார்த்துடலாம்."

"இரும்மா, இந்தப் பூ முடியட்டும்."

பூ முடிகிற வரை அவள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். உள்ளூர்ப் பெண், மகளிர் குழுவில் இருப்பவள். யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது அவளுக்கு மனப்பாடம். அரை நாள் கூலி இழப்பு ஐந்து நிமிஷமாகக் குறைந்துவிட்டது. காஞ்சிபுரத்துக் கைத்தறிக்கு இதைவிடப் பொருத்தமான மருத்துவத் திட்டத்தை யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. யோசித்ததாகவும் தெரியவில்லை, தானாகப் பொருந்தியது.

சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. திட்டத்தின் அறிக்கைகள் 'முதல்முறை சேவை', 'தொடர் சேவை' என்று இரண்டு கணக்கு சொல்கின்றன. இரண்டும் கொடுத்ததன் கணக்கு. மாத்திரை கைக்குப் போனதா என்பது தெரியும். வாய்க்குப் போனதா, ரத்த அழுத்தம் 140-க்குக் கீழே வந்ததா என்பது அந்தக் கோடிகளில் தெரியாது. ஸ்டெப்ஸின் இரண்டாவது சுற்று 2023-24-ல் நடந்தபோது கட்டுக்குள் இருப்பவர்கள் இரண்டு நோயிலுமே 17 சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருந்தார்கள். ரத்த அழுத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல். தொற்றுக்காலத்தைத் தாண்டி வந்து இப்படி உயர்ந்தது சாதாரணமல்ல. அதை மனமார ஒத்துக்கொள்கிறேன். அதே மூச்சில், ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்பதையும் படிக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன் சென்னை மையம் மாத்திரையை எண்ணிப் பார்த்தது நினைவிருக்கும். மாத்திரை கொடுக்கும் பாதியை எடுத்துக்கொண்டு, எண்ணும் பாதியை விட்டுவிட்டோம்.

தொற்றுக்குப் பிறகு

தொற்று போன பிறகும் அதன் பாக்கி இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து 2022-ல் வந்த ஆய்வு, கொரோனா வந்து தேறியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாகச் சர்க்கரை வரும் ஆபத்து மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம் என்றது. பெரும்பாலும் வயதான அமெரிக்க ஆண்கள் அவர்கள். நம் ஊருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஐ.சி.எம்.ஆரின் இந்தியா முழுக்கான ஆய்வு 2023-ல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று சொன்னதோடு சேர்த்துப் படித்தால், வாசலில் நின்றவர்களில் பலரைத் தொற்று உள்ளே தள்ளியிருக்கும் என்று கருத இடமுண்டு.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரையைக் கொடுத்துவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். சர்க்கரை நோயாளியின் காலுக்கு 'பாதம் பாதுகாப்போம்', வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதிக்க 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று அடுத்தடுத்து வந்தன. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் தொழிற்சாலைக்கு ஆனது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே வாசலில் நுழைகிறார்கள். அங்கே முகாம் போட்டால் எண்ணிக்கை வரும். ஒரு கூரைக்கு ஒரு தறி என்று சிதறிக் கிடக்கிற தொழிலை அந்தக் கண் பார்ப்பதில்லை.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-ல் முதலமைச்சர் பெயருக்கு மாறி, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு சேர்ந்த காப்பீடு, நெசவாளர் குடும்பம் கடன் வாங்காமல் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்ள வழி செய்தது. ஆனால் அது படுக்கையில் சேர்ந்த பிறகு திறக்கிற பெட்டி. கால் விரலை எடுப்பதற்குப் பணம் வரும். விரலை எடுக்கும் நிலைக்கு வராமல் தடுக்க, வருஷம் ஒரு முறை பாதத்தையும் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பார்ப்பதற்கு நெசவாளர் தன் கூலியை இழந்து டவுனுக்குப் போக வேண்டும். விரலில் குத்திப் பார்க்கிற அந்த நேரத்துச் சர்க்கரை வேறு, மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற எச்.பி.ஏ.1சி வேறு. தன்னார்வலர் வருகிற அன்றைக்கு மட்டும் சோற்றைக் குறைத்துக்கொண்டு நல்ல எண் காட்டத் தெரிந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

அறுந்த இன்னொரு கயிற்றுக்கு வருவோம். கூலி. நெசவாளர் தன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல், கட்டாயமாக, ஒழுங்கான இடைவெளியில் வீட்டைவிட்டு வெளியே போகிற இடம் ஒன்று உண்டு: சேலையை ஒப்படைத்துக் கூலி வாங்கி, அடுத்த பாவும் ஜரிகையும் எடுத்து வருகிற சங்கம். முதலாளித் தறிக்காரருக்கு முதலாளி வீடு. சேலையை விரித்துக் குற்றம் பார்த்து, எடை போட்டு, புத்தகத்தில் எழுதும் வரை அங்கே உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அந்த மணி நேரத்துக்கு இப்போது எந்த உபயோகமும் இல்லை. விழித்திரையைப் படம் பிடிக்கிற கருவி, பாதத்தின் உணர்வைச் சோதிக்கிற நைலான் இழை, எச்.பி.ஏ.1சி-க்கு ஒரு சொட்டு ரத்தம் என்று இவையெல்லாம் மாதம் ஒரு நாள் அங்கே வந்தால், நெசவாளர் தனியாக ஒரு நாளை இழக்க வேண்டாம். கூலிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் சுகர் நோட்டும் இருக்கும். கையில் காசு வந்த அன்றைக்கே மருந்துக் கடைக்காரர் கடனும் தீரும். கைத்தறித் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நம் அரசாங்கத்தில் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பது கோப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சங்கத்தில் உறுப்பினரே இல்லாத, முதலாளியிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்களை இந்த வழியும் முழுதாகப் பிடிக்காது. முன்பணம் வாங்கியவர் உடம்பு சரியில்லை என்று சொல்லத் தயங்குவார். தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். கண் மங்குகிறது என்று அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, பூ முடிகிற வரை காத்திருந்து, காலை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் இன்றைக்கு அந்தத் தன்னார்வலப் பெண்தான். அவளுக்கு மாதம் கிடைப்பது சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சம்பளம் என்று அதைச் சொல்வதில்லை; ஊழியர் என்று அவளையும் சொல்வதில்லை. கூட்டித் தரக் கேட்டு அவர்கள் பல மாவட்டங்களில் போராடிவிட்டார்கள். அவள் ஒரு தெருவில் இரண்டு வருஷம் நின்றால்தான் யார் மாத்திரையைப் பாதியாக்குகிறார், யார் கால் மரத்துப்போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்; ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் காலை ஆறு மணிக்கு அதே தெரு முனையில் வந்து நிற்கிறது, அதில் ஏறினால் இதைவிட இரண்டு மூன்று மடங்கு கிடைக்கும்.